இருநூற்றுப் பதினேழாம் பிள்ளை

அக்மரால் பிறந்து அன்றோடு இரண்டாயிரத்து ஐந்நூற்று எழுபத்தைந்து நாள். ஆய்வுக்காரர்களின் காகிதத்தில் அப்படித்தான் இருக்கும். உல்கானின் கணக்கில் பதினொரு நாள் குறைவு.

அந்தப் பதினொரு நாளும் பிள்ளை அடுத்த வீட்டில், கொழுந்தன் மனைவி ஜுமாகுலின் மடியில் இருந்தது. பெற்றவள் ஜுமாகுல். அவளுக்கு ஏற்கெனவே மூன்று பிள்ளைகள். உல்கானுக்குக் கல்யாணமாகிப் பதினான்கு வருடம் ஆகியும் ஒன்றும் இல்லை. பன்னிரண்டாம் நாள் காலையில் உறவுகள் கூடி ஆடு அறுத்தார்கள். அதன் பின்னங்கால் எலும்பைச் சாட்சியாக வைத்து, பிள்ளையை உல்கானின் சட்டைக் கழுத்து வழியே உள்ளே விட்டு, கீழ் விளிம்பு வழியே வெளியே எடுத்தார்கள். அந்த நிமிடத்திலிருந்து உல்கான் தாய். இனி இதைப் பற்றி யாரும் வாய் திறக்கக்கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். ஏழு வருடமாக யாரும் திறக்கவில்லை. ஊருக்கே தெரியும். அக்மராலுக்கு மட்டும் தெரியாது.

ஆய்வுக்காரர்களுக்கும் தெரியாது.

தலைநகர் பிஷ்கேக்கிலிருந்து வந்த அந்தக் குழு, அந்த வருடம் மலைப்பக்கத்து ஊர்களில் பிறந்த நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டது. ஒரு பிள்ளை எப்படி வளர்கிறது, வீட்டில் எது அதை வளர்க்கிறது என்று பல வருடம் தொடர்ந்து பார்ப்பது அவர்கள் வேலை. அக்மரால் இருநூற்றுப் பதினேழு. முதல் படிவத்தில் தாயின் பெயர் என்ற இடத்தில் உல்கான் என்று எழுதியது உள்ளூர் நர்ஸ். அந்த ஆட்டு விருந்தில் இறைச்சி தின்றவள் வேறு எப்படி எழுதுவாள்?

அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. வலி எத்தனை மணி நேரம் இருந்தது? அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிவிட்டு உல்கான் பின்வாசல் வழியே ஓடினாள். வேலிக்கு அந்தப் பக்கம் ஜுமாகுல் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். உல்கான் திரும்பி வந்து, மூச்சு வாங்க, “ஒன்பது மணி நேரம்,” என்றாள். நர்ஸ் முகத்தைத் தூக்காமல் எழுதிக்கொண்டாள்.

அதன் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. உடம்பைப் பற்றிய பதில்கள் ஜுமாகுலுடையவை. பாட்டு, கதை, தூக்கம், அடி, கோபம், மன்னிப்பு பற்றிய பதில்கள் உல்கானுடையவை. இரண்டும் ஒரே பெயரின் கீழே போயின. ஒன்பதாம் மாதம் வந்தார்கள், இரண்டாம் வயதில் வந்தார்கள், நான்காம் வயதில் வந்தார்கள். ஒரு குறையும் இல்லை.

ஏழாம் வயதுக்குத்தான் எச்சில் கேட்டார்கள்.

பிள்ளையின் எச்சில், தாயின் எச்சில். ஆளுக்கு ஒரு சிறு குழாய். ஜுமாகுலின் மூத்தவன் நரீனில் கல்லூரியில் படிக்கிறான். விடுமுறைக்கு வந்தவன் ரொட்டியை மென்றுகொண்டே சொன்னான்: “எச்சில்ல எல்லாம் தெரிஞ்சிடும் பெரியம்மா. யார் அம்மா, யார் அப்பா, ஏழு தலைமுறை வரைக்கும்.”

அன்று இரவு உல்கான் தூங்கவில்லை. அடுத்த பள்ளத்தாக்கில் ஒரு பையன் இப்படித்தான் பன்னிரண்டு வயதில் யார் வாயிலோ கேள்விப்பட்டான். பள்ளிக்கூடப் பையில் இரண்டு சட்டையைத் திணித்துக்கொண்டு பெற்றவள் வீட்டுக்கு நடந்து போய்விட்டான். வளர்த்தவள் அவன் பின்னால் கூப்பிட்டுக்கொண்டே பாதி வழி போனாளாம். அவளை உல்கானுக்குத் தெரியும். சந்தையில் பார்த்திருக்கிறாள். இப்போதெல்லாம் அவள் யாரோடும் பேரம் பேசுவதில்லை, சொன்ன விலைக்கு வாங்கிப்போகிறாள்.

அக்மரால் அப்படிப் போவதற்கு நடக்கக்கூட வேண்டாம். வேலியில் ஒரு பலகை பெயர்ந்திருந்தது.

முதல் தடவை ஆய்வுக்காரர்கள் போன் செய்தபோது பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாள். இரண்டாம் தடவை கல்யாணத்துக்குப் போகிறோம் என்றாள். ஏழாம் பிறந்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் பார்த்தாக வேண்டும் என்பது அவர்கள் விதி. பத்தொன்பது போய்விட்டது. பார்க்காவிட்டால் இருநூற்றுப் பதினேழைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். எடுத்துவிட்டால்தான் என்ன என்று கணவன் குபாத் கேட்டான். கேட்டுவிட்டு, மலைமேல் தங்கிவிட்ட இரண்டு குதிரைகளைத் தேடிப் போய்விட்டான்.

ஒவ்வொரு தடவையும் அவர்கள் வந்து போனபின் ஒரு வாரம் உல்கான் நிமிர்ந்து நடப்பாள். நீ இந்தப் பிள்ளைக்கு என்ன செய்கிறாய் என்று அவர்களைத் தவிர வேறு யாரும் அவளைக் கேட்டதில்லை.

அதனால் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள்.

*

ஆய்வுக்குழுவின் சைக்கால் காலை பத்து மணிக்கு வந்தாள். நான்காம் வயதிலும் அவள்தான் வந்தாள். மெலிந்த, சத்தமில்லாத பெண். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அக்மரால் அவள் பையைப் பிடுங்கிக்கொண்டாள்.

“போன தடவை கொண்டுவந்த கட்டைங்க இருக்கா?”

“அது சின்னப் பிள்ளைங்களுக்கு. இப்போ உனக்கு வேற வெச்சிருக்கேன்.”

“நான் சின்னப் பிள்ளையா இருந்தப்போ அந்தப் பச்சைக் கட்டையை நக்கினேன். ஞாபகம் இருக்கா?”

“இருக்கு. எழுதி வெச்சிருக்கேன்.”

“ஐயோ! நக்கினதையுமா?”

உல்கான் தேநீர்க் கிண்ணங்களை எடுத்து வைத்தாள். பொரித்த மாவுத் துண்டுகள், பாலேடு, கருந்திராட்சை ஜாம். சைக்கால் ஒரு மடக்கு குடித்துவிட்டு, உல்கானின் கிண்ணத்தின்மேல் மெதுவாகக் கை வைத்தாள்.

“அக்கா, நீங்க மட்டும் இப்போ குடிக்காதீங்க. துப்பறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் எதுவும் வாயில போடக்கூடாது.”

“சரிம்மா, சரிம்மா.”

பிள்ளையைச் சோதிக்கும்போது தாய் அறையில் இருக்கக்கூடாது. அதுவும் விதி. சைக்கால் குழாயைக் கொடுத்து, எந்தக் கோடு வரை நிரப்ப வேண்டும் என்று காட்டினாள். நுரை கணக்கில்லை, நீர் மட்டும். பிறகு அவளும் அக்மராலும் உள்ளறைக்குப் போனார்கள். உல்கான் சமையலறைக்கு வந்து திரையை இழுத்துவிட்டாள்.

அடுப்புக்குப் பின்னால் நிலக்கரி வாளிமேல் ஜுமாகுல் உட்கார்ந்திருந்தாள். பின்வாசல் வழியே ஒன்பது மணிக்கே வந்துவிட்டாள்.

“அரை மணி இல்ல, ஒரு மணி நேரமா வாயைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்,” என்றாள் தாழ்ந்த குரலில். “என் கல்யாணத்தன்னைக்குக்கூட இவ்வளவு நேரம் சும்மா இருந்ததில்ல.”

“சத்தம் போடாத. இந்தா, துப்பு.”

ஜுமாகுல் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “இதுலயா? இது எறும்புக்கு வெச்ச கிண்ணம் மாதிரி இருக்கு.”

“கோடு வரைக்கும். நுரை கணக்கில்லையாம்.”

“அக்கா, பிறந்தப்போ இவ வாயில நம்ம பெரிய மாமா துப்பினாரே, என்னை மாதிரி நல்லா வரட்டும்னு. அவர் எச்சிலையும் கொஞ்சம் சேர்த்து அனுப்பலாமா?”

“வாயை மூடு.”

“மூடினா எப்படித் துப்பறது?”

உல்கானுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. முழங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜுமாகுல் துப்பினாள். கொஞ்சம்தான் விழுந்தது. காய்ந்த பாலாடைக் கட்டியை நினைத்துக்கொள் என்று உல்கான் சொன்னாள். புளித்ததாக, உப்பாக. நினைத்ததும் ஊறியது.

உள்ளறையிலிருந்து பிள்ளையின் குரல் கேட்டது. சைக்கால் படங்களைக் காட்டிப் பெயர் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு நான்கு படங்களை வரிசையாக வைத்து, இதை ஒரு கதையாகச் சொல் என்றாள். குதிரைக்குட்டி ஒன்று பனியில் வழி தவறிப் போகிற கதை போலிருந்தது.

“குட்டிக்கு நாலு காலும் நாலு பக்கம் போச்சு,” என்று அக்மரால் தொடங்கினாள். “அது பனியைப் பார்த்து, ‘நீ யாரு, என் பாதையை யாரு உனக்குக் குடுத்தா?’ன்னு கேட்டுது. பனி ஒண்ணும் சொல்லல. பனிக்குக் கர்வம். குட்டி, ‘சரி, நீ சொல்ல வேணாம், நான் மூக்கைக் கேட்டுக்கறேன்’னு சொல்லிட்டு மோந்து பார்த்துது. எங்கயோ புகை வாசனை. புகை இருந்தா அடுப்பு இருக்கும். அடுப்பு இருந்தா யாராவது திட்டறதுக்கு இருப்பாங்க.”

சைக்கால் சிரித்தது கேட்டது. அவள் சிரிக்கக்கூடாது. அதுவும் விதியாகத்தான் இருக்கும்.

குழாயோடு ஜுமாகுலின் கை அப்படியே நின்றுவிட்டது.

“அது உன் பேச்சு,” என்றாள்.

உல்கான் திரைப் பக்கம் காதைச் சாய்த்தாள்.

“அப்படியே உன் பேச்சுக்கா. ‘திட்டறதுக்கு இருப்பாங்க.’ என் மூணும் வாயைத் திறந்தா ‘தா’, ‘பசிக்குது’, ‘அவன் அடிச்சான்’. வேற ஒண்ணு வராது. நானும் அப்படித்தான். எங்கம்மாவும் அப்படித்தான்.” கோடு நிரம்பியிருந்தது. ஜுமாகுல் மூடியைத் திருகினாள். “இவளைப் பார்க்கறப்போ சில நாள் வயிறு ஒரு மாதிரி இழுக்கும். இல்லன்னு சொன்னா பொய். ஆனா இவ வாயைத் திறந்தா, இது நம்ம சரக்கு இல்லடியம்மான்னு தோணும்.”

உல்கான் குழாயை வாங்கிக்கொண்டாள். அது இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. கையில் ஏதோ திருட்டுப் பொருள் இருப்பது போல அவளுக்குப் பட்டது. எதைத் திருடினோம், யாரிடமிருந்து என்பது மட்டும் விளங்கவில்லை.

ஜுமாகுல் அடுப்பிலிருந்த தேநீர்க் கெண்டியை எடுத்து இரண்டு கிண்ணத்தில் ஊற்றிப் பாலேடு போட்டாள். இருவரும் ஒரே மூச்சில் குடித்தார்கள்.

*

சைக்கால் குழாயில் சீட்டு ஒட்டினாள். 217, தாய். அக்மராலின் குழாயில் 217, பிள்ளை. இரண்டையும் ஒரு பெட்டியில் அடுத்தடுத்து வைத்தாள். பிறகு உல்கானின் மேலுதட்டைப் பார்த்தாள்.

“அக்கா, பாலேடு ஒட்டியிருக்கு. டீ குடிச்சீங்களா?”

“துப்பின பிறகு. துப்பின பிறகுதான்.”

“அப்போ சரி.”

தாய்க்கான கேள்விகள் முடிய ஒரு மணி நேரம் ஆனது. வாரத்தில் எத்தனை நாள் கதை சொல்வீர்கள்? தினமும். யார் சொல்லிக்கொடுத்த கதை? யாரும் இல்லை, மாடு கறக்கும்போது வாய்க்கு வந்ததைச் சொல்வேன். பிள்ளை கேள்வி கேட்டால் என்ன செய்வீர்கள்? திருப்பிக் கேட்பேன். அக்மரால் பக்கத்தில் குப்புறப் படுத்துத் தரையில் விரித்திருந்த கம்பளத்தின் ஆட்டுக்கொம்புக் கோலத்தின்மேல் விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள். ஜுமாகுல் இப்போது முன்வாசல் வழியாக, அப்போதுதான் வந்தவள்போல, உப்பு கேட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். சைக்காலுக்கு வணக்கம் சொல்லிவிட்டுக் கதவோரம் நின்றாள். உப்பை மறந்துவிட்டாள்.

கடைசியில் சைக்கால் ஒரு தாளை எடுத்தாள்.

“ஏழு வயசு முடிஞ்சா இதை வீட்டுக்குக் குடுக்கலாம்னு இப்போதான் அனுமதி வந்துது. இது அக்மராலோட வார்த்தைக் கணக்கு. இந்தச் சாம்பல் பட்டை மத்த எல்லாப் பிள்ளைங்களும். இந்தச் சிவப்புக் கோடு இவ.”

கோடு பட்டைக்கு வெகு கீழே தொடங்கியது. இரண்டு வயதில் பதினான்கு வார்த்தை. எடை குறைவாகப் பிறந்த பிள்ளை, அப்போது நிற்கவே தடுமாறியது. நான்கு வயதில் கோடு பட்டைக்குள் வந்திருந்தது. ஏழில் சைக்கால் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருந்தாள், இன்றைய புள்ளி. அது பட்டைக்கு மேலே இருந்தது.

“கீழயிருந்து இப்படி ஏறினவங்க நானூத்திப் பன்னெண்டுல அஞ்சு பேர். இவளோட ஆறு.”

“ஏன் ஏறிச்சு?” என்றாள் உல்கான்.

“அதைத்தான் தேடிட்டிருக்கோம். எச்சில் அதுக்குத்தான்.” பேசத் தொடங்கியதும் சைக்காலின் கூச்சம் கொஞ்சம் கழன்றது. “பேச்சு அம்மாகிட்டயிருந்து ரெண்டு வழியில வரும்க்கா. ஒண்ணு ரத்தத்துல. இன்னொண்ணு அம்மா பேசறதுல. எல்லா வீட்லயும் ரெண்டும் ஒரே ஆளு. அதனால எது எவ்வளவுன்னு பிரிக்க முடியல. எச்சிலைப் பார்த்தா ரத்தத்தோட பங்கை ஓரளவு கணக்குப் போடலாம். மிச்சம் வீட்டோட பங்கு.”

“அப்போ யார் அம்மான்னு பார்க்கறதுக்கு இல்லையா?”

“அதை யாரு பார்ப்பா? பேரே போகாது, நம்பர்தான் போகும். ஒருத்தருக்கும் ஒண்ணும் திருப்பிச் சொல்லமாட்டோம். அது முதல் பக்கத்துலயே எழுதியிருக்கே.”

உல்கானின் தோள் தளர்ந்தது. அவ்வளவுதானா? இத்தனை நாள் தூக்கம் இதற்காகவா போனது? குழாய் பெட்டியில் இருக்கிறது. பெட்டி பூட்டியாகிவிட்டது. இனி யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை. கதவோரத்தில் ஜுமாகுலும் மூச்சை விட்டாள். உப்பு ஞாபகம் வந்தவளாக அலமாரிப் பக்கம் திரும்பினாள்.

உல்கான் தாளைக் கையில் எடுத்தாள். சிவப்புக் கோட்டின்மேல் கட்டைவிரலை வைத்துக் கீழிருந்து மேலே இழுத்தாள். இந்த இடத்தில்தான் பிள்ளை முதன்முதலாக ‘நிலா ஏன் நம்ம பின்னாடியே வருது’ என்று கேட்டது. இந்த இடத்தில் அம்மை போட்டு இரண்டு வாரம் படுத்திருந்தது, பேச்சு மட்டும் நிற்கவில்லை. இந்தக் கோட்டில் அவளுக்குத் தெரியாத ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை.

“அந்த எச்சிலை வெச்சு,” என்றாள் மெதுவாக, “இதுல எவ்வளவு ரத்தத்துக்குன்னு எழுதுவாங்க?”

“எவ்வளவுன்னு இப்போ தெரியாது. ஒரு பங்கு எழுதுவாங்க.”

“அந்த எச்சிலுக்குச் சொந்தக்காரியோட பங்குன்னு.”

“உங்க பங்குதானேக்கா. எப்படியும் உங்ககிட்டதானே வருது.”

உல்கான் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். “ரத்தம் ஒருத்தரோடதும் பேச்சு இன்னொருத்தரோடதுமா ஒரு பிள்ளை இருந்தா?”

சைக்கால் பென்சிலைக் கீழே வைத்தாள். “அப்படி ஒரு பிள்ளை கிடைச்சா, எங்களுக்கு நூறு பிள்ளைக்குச் சமம். ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கலாம். பேசிப் பேசியே ஒரு பிள்ளையை இவ்வளவு தூரம் தூக்கி நிறுத்தலாம்னா, கீழ கிடக்கற மத்த பிள்ளைங்களுக்கும் வழி இருக்குன்னு சொல்லலாம். ஆனா எங்க படிவத்துல அந்தக் கேள்வியே கிடையாது. பிஷ்கேக்ல எழுதினவங்களுக்குத் தோணல. எனக்குத் தோணிச்சு.” அவள் குனிந்துகொண்டாள். “நானும் இந்த ஊர்ப்பக்கம்தான். எப்படிக் கேக்கறது?”

அடுப்பில் கரி சரிந்தது.

“அம்மா,” என்றாள் அக்மரால் தரையிலிருந்து, “அந்தக் கோடு நானா?”

“நீதான்.”

“அப்போ கீழ ஏன் அவ்வளவு குட்டியா இருக்கேன்?”

“குட்டியாத்தான் இருந்த. உள்ளங்கையில அடங்குவ.”

அக்மரால் எழுந்து வந்து தாயின் மடியில் பாதி, தரையில் பாதியாகச் சாய்ந்தாள். தாளை எட்டிப் பார்த்தாள். அவள் தலையில் புகை வாசனை. உல்கான் அவளைக் கன்றுக்குட்டியைப் பார்த்துவிட்டு வரச் சொல்ல வாய் திறந்தாள். வெளியே போய் வர ஐந்து நிமிடம் ஆகும். ஐந்து நிமிடத்தில் சைக்காலிடம் மட்டும் சொல்லிவிடலாம். பிள்ளைக்குத் தெரியாமல் சொன்னால், நாளைக்கும் அதற்கு மறுநாளும் இதே வேலி, இதே பலகை, இதே பயம்.

அவள் பிள்ளையை அனுப்பவில்லை. அலமாரிப் பக்கம் பார்த்தாள். உப்பு ஜாடியைக் கையில் பிடித்தபடி ஜுமாகுல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. ஒரு தடவை, சின்னதாகத் தலையசைத்தாள்.

“சைக்கால், அந்தப் பெட்டியைத் திற,” என்றாள் உல்கான். “அந்தக் குழாயில சீட்டை மாத்து. எனக்கு இன்னொரு குழாய் குடு. என் எச்சிலும் வேணும்னா எடுத்துக்கோ, ரெண்டும் போகட்டும். ஆனா இந்தக் கோட்டுல பேச்சுக்குன்னு எவ்வளவு வருதோ, அது ஒரு துளி குறையாம என் பேர்ல வரணும். அது நான் குடுத்தது. மாடு கறக்கறப்போ, மாவு பிசையறப்போ, இவ தூங்கற வரைக்கும், தூங்கின பிறகும் குடுத்தது.”

சைக்கால் பெட்டியின் பூட்டில் கை வைத்தாள்.

உல்கான் பிள்ளையை இழுத்து முழுவதுமாக மடியில் ஏற்றிக்கொண்டாள். ஏழு வயதுப் பிள்ளை, கால் தரையில் இடித்தது. அவள் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

“கேளுடா கண்ணு. குட்டிக்கதை மாதிரி இல்ல, இது நிஜம். கேட்டுட்டு என்ன வேணும்னாலும் கேளு, எத்தனை தடவை வேணும்னாலும் கேளு. உன்னைப் பெத்தவ உன் சித்தி ஜுமாகுல்.”